கூடார வண்டிலில் போன சனம்

எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது என்பதை அந்த மாடிக்கட்டடத்தில் மூன்று வருடமாக நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. கேட்டவர்கள் தாங்களாக ஒன்றை நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. ஊரில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான். மூன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருடம் தம்பி பிறந்தான், அம்மா படுத்த படுக்கையானா, அதோடு சரி. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ் நம்பர் பார்ப்பேன். அதற்காக எந்த ஊரிலும் தலை குனிந்து நடந்தவள் இல்லை.

நான் சொல்வது தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி, பங்குனி மாதங்களில் நடந்தது. கனடாவில், ஸ்காபரோவில் எட்டாம் மாடியில் மகன் வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் அதே கட்டடத்து மூன்று பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். தாய்மார் வேலையால் வரும்வரை சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்வேன். இரண்டு பேர் அண்ணன் தம்பி. இங்கேயே பிறந்தவர்கள், பத்து வயதும் எட்டு வயதும். மற்றது ஒரு பெண்பிள்ளை, அவளுக்கும் எட்டு. தாயும் அவளும் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு வந்து, அங்கே பல மாதம் காத்திருந்து, தொண்ணூற்று நாலில் இங்கே வந்தவர்கள். தகப்பன் வரவில்லை. வயதுபோன தன் தாயைத் தனிய விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

முதல் நாளே பொடியன்கள் என்னை ஆச்சி என்றார்கள்.

"ஆச்சி உங்கட வீட்டில இருப்பா. என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிடுங்கோ" என்றேன். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் பெரியம்மாதான்.

அந்த மாரியில், பனிகாலத்தில், பெண்பிள்ளை சாப்பிடுவதை விட்டிருந்தாள். அதற்கு முந்தின ஐப்பசிக் கடைசியில், ஆமி பட்டாளமாக வருகிறது என்று யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட செய்தி எங்கள் எல்லாருக்கும் வந்தது. மழைக்குள், ஒற்றைப் பாலத்தால், இலட்சக்கணக்கான சனம். இங்கே எல்லா வீட்டிலும் டெலிபோனைச் சுற்றிக்கொண்டு இருந்தோம். அவளுடைய தகப்பனும் அந்தச் சனத்தோடு போனவர். அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு கடிதமும் வரவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு இருப்பாள். கேட்டால் வயிறு நிரம்பிவிட்டது என்பாள். கைவளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

பள்ளிக்கூடத்தில் அந்த நேரம் அமெரிக்காவின் பழைய காலத்தைப் படிப்பித்தார்கள். கனடாவில் இருந்துகொண்டு அமெரிக்காக்காரரின் கதை எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புத்தகம் பிளாஸ்ரிக் பையில் வீட்டுக்கு வரும். இருபது நிமிடம் பிள்ளை வாசிக்கவேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். அந்தப் பெரியவர் நான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தபடி இருப்பேன். பிள்ளை தடக்குப்பட்டால், "திருப்பி வாசி" என்பேன். திருப்பி வாசித்தால் அனேகமாகச் சரிவந்துவிடும்.

பொடியன்கள் கடகடவென்று வாசித்து முடித்துவிட்டு ரிவி பார்க்க ஓடுவார்கள். பெண்பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், ஆனால் அது சொல்வது என்னவென்று விளங்காது. நாலு சொல்லில் மூன்று தெரியாது. அவளும் நானும் ஒரே வள்ளத்தில் இருந்தோம். ஆகவே அவளுக்கு மட்டும் நான் படத்தைப் பார்த்துக் கதை சொன்னேன்.

அந்தப் படம் இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்ட பெரிய படம். வெள்ளைத் துணியால் கூடாரம் போட்ட வண்டில்கள், ஒன்றின் பின் ஒன்றாகப் போகின்றன. மாடுகள் நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு இழுக்கின்றன. வண்டிலின் பக்கத்தில் சட்டியும் வாளியும், நாலு காலும் மேலே தெரியத் தலைகீழாகக் கட்டிய ஒரு கதிரையும் தொங்குகின்றன. ஒரு பெண் கைக்குழந்தையோடு புழுதிக்குள் நடக்கிறாள். பின்னால் பிள்ளைகள், காலில் ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் குதிரைகளில் ஆமி. தூரத்தில் ஒரு மேட்டில் தலையில் இறகு செருகிய நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இவையள் எங்க போகினம், பெரியம்மா?"

"இடம்பெயர்ந்து போகினம். பார், கதிரையைக்கூட விட மனமில்லாமல் கட்டிக்கொண்டு போகுதுகள்."

"ஏன் போகினம்?"

"பின்னால ஆமி வருகுதெல்லே."

பெரிய பொடியன் ரிவியில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அப்பிடி இல்லை பெரியம்மா. அவை லாண்ட் எடுக்கப் போகினம். அந்த ஆமி அவையின்ர சைட். காவலுக்குப் போகுது."

"ஆமி எந்தக் காலத்திலயடா சனத்தின்ர பக்கம் நிண்டது?"

"புக்கில அப்பிடித்தான் இருக்கு."

"நீ வாசிச்சது அரைவாசி. பொத்திக்கொண்டு இரு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு ரிவியைப் பார்த்தான். அந்த இடத்தில் நான் அவனை இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாதது வெளியே வந்துவிடும். பத்து வயதுப் பொடியனிடம் தோற்க எனக்கு மனமில்லை.

"மேட்டில நிக்கிறவை ஆர்?" என்று பெண்பிள்ளை கேட்டாள்.

"அந்த ஊர்ச் சனம். பாவம் எண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். கிட்ட வந்ததும் கஞ்சி குடுப்பினம்."

அவள் விரலை வைத்து வண்டில்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்து சேந்தவையோ?"

அவள் யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். பக்கங்களைத் தட்டித் தட்டிக் கடைசிக்குப் போனேன். அங்கே மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீடு. புகைபோக்கியால் புகை வருகிறது. வாசலில் அதே பெண், அதே குழந்தை. ஒரு ஆண் விறகு கொத்துகிறான்.

"பார். எல்லாரும் வந்து சேந்திட்டினம். தகப்பன் நிக்கிறார், பார்."

அன்றைக்கு அவள் ஒரு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

பிறகு ஒவ்வொரு நாளும் அதே வகைப் புத்தகமாகக் கொண்டுவந்தாள். சனிக்கிழமைகளில் மூன்று பேரையும் லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் வண்டில் படம் போட்ட அட்டையாகப் பார்த்து எடுப்பாள். முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து வீடு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால்தான் எடுப்பாள். ஆறு, ஏழு புத்தகம் அப்படிப் போயிருக்கும். எல்லாவற்றிலும் நான் அதே கதையைத்தான் சொன்னேன். ஆறு கடப்பார்கள், மாடு சாகும், ஒரு கிழவிக்குக் காய்ச்சல் வரும், கடைசியில் வந்து சேருவார்கள். அவள் கன்னம் கொஞ்சம் நிரம்பியது. எனக்கு அதில் பெருமை. வாசிக்கத் தெரியாத நான் ஒரு பிள்ளையைச் சாப்பிட வைத்தேன் என்ற பெருமை.

சின்னப் பொடியன் அவளைப் பகிடி பண்ணுவான். "ஏய், உன்ர அப்பா வேகனிலயோ வாறார்? சீற் பெல்ற் இருக்கோ?"

நான் அகப்பையைத் தூக்கினேன்.

"பெரியம்மா, இங்க அடிக்கக்கூடாது. பொலிஸ் வரும்" என்றான்.

"வரட்டும். அவங்களுக்கும் ஒண்டு போடுறன்."

அவள் சிரித்தாள். அந்த மாரியில் அவள் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

பெண்பிள்ளையின் தாய்க்கு அஜின்கோர்ட்டில் பெட்டி அடுக்குகிற ஒரு ஃபக்ரரியில் வேலை. ஆறரைக்கு வருவாள். கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பாள். நெற்றியில் குங்குமம் காலையில் வைத்த மாதிரியே இருக்கும். "பிள்ளை இப்ப சாப்பிடுது. தகப்பன் வந்து சேருவார் எண்டு நம்பிக்கை வந்திட்டுது" என்று ஒரு நாள் சொன்னேன். அவள் குனிந்து பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டினாள். கட்டியிருந்ததை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

பங்குனி நடுவில் பள்ளிக்கூடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். தாய்க்கு லீவு கிடைக்காது, நான்தான் போனேன். நல்ல சேலை உடுத்து, அதற்கு மேல் மகனுடைய வின்ரர் கோட்டைப் போட்டுக்கொண்டு, பனி உருகக் கொட்டிய தெருவோரத்து உப்புச் சேற்றுக்குள்ளால் நடந்து போனேன். ரீச்சர் என் வயதுக்காரி, மெதுவாகப் பேசுகிறவள். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப்பிள்ளையை வைத்திருந்தார்கள், கம்பசில் படிக்கிறவள். சின்னக் கதிரையில் என்னை இருத்தினார்கள்.

வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தான் வாசித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். இவள் இந்த இரண்டு வருடத்தில் வகுப்பில் வாய் திறந்து பேசியது அன்றுதான் முதல் தடவையாம். ஆமி துரத்த, வீட்டை விட்டு வெளிக்கிட்ட சனம் என்று சொன்னாளாம். மேட்டில் நின்ற சனம் கஞ்சி கொடுத்தது என்றாளாம். கடைசியில், என்னுடைய அப்பாவும் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறார், வந்து சேர்ந்துவிடுவார் என்று சொன்னாளாம். பிள்ளைகள் அது பிழை என்று சொல்ல, இவள் இல்லை என்று அழுதாளாம்.

"இந்தக் கதையை ஆர் சொன்னது எண்டு ரீச்சர் கேக்கிறா, அன்ரி" என்றாள் தமிழ்ப்பிள்ளை.

"நான்தான் சொன்னனான்."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அன்ரி, வண்டிலில போறவையை ஒருத்தரும் துரத்திக் கலைக்கேல்லை. அவை காணி பிடிச்சுக் குடியேறப் போறவை. அரசாங்கமே காணி குடுத்துக் கூப்பிட்டது. அந்த ஆமி அவைக்குத்தான் காவல். கலைச்சது மேட்டில நிக்கிற சனத்தை. அது அவையின்ர இடம்."

ரீச்சர் இன்னொரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் வண்டில்கள் குறைவு. கலைக்கப்பட்ட அந்தச் சனம் நடக்கிறது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பனிக்குள் வரிசையாக நடக்கிறது. கிழவர்கள், பிள்ளைகள். இரண்டு பக்கமும் துவக்கோடு ஆமி. இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். கதை சரி, சனம் பிழை.

நான் அந்தச் சின்னக் கதிரையில் அப்படியே இருந்தேன். அவர்கள் நான் வெட்கப்பட்டதாக நினைத்திருப்பார்கள். என் நினைப்பு வேறு எங்கோ போய்விட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனுசனும் மணலாற்றுப் பக்கம் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டிருந்தோம். கிணறு வெட்டி, இரண்டு மாடு வாங்கி, நாலு வருடம் இருந்தோம். ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டிய ஆமி வாகனம் வந்து எழும்பிப் போகச் சொல்லிவிட்டுப் போனது. எழும்பினோம். சில மாதம் கழித்து, விட்டு வந்த கலப்பையை எடுக்கலாமா என்று பார்க்க இரண்டு பேரும் போனோம். எங்கள் வளவில், அரசாங்கம் தெற்கில் இருந்து குடியேற்றக் கூட்டிவந்த சிங்களச் சனத்தின் லொறி ஒன்று நின்றது. அதில் பாய், சட்டி, கோழிக்கூடு, ஒரு கதிரை. எங்கள் கிணற்றில் ஒரு பெண் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். இடுப்பில் பிள்ளை. வாளி என்னுடையது. என்னைக் கண்டதும் வாளியை விட்டுவிட்டுப் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். அவள் காலிலும் செருப்பு இல்லை. தூரத்தில் துவக்கோடு இரண்டு பேர் நின்றார்கள். நாங்கள் கலப்பையைக் கேட்காமல் திரும்பி வந்தோம்.

இவ்வளவையும் கண்ணால் கண்டவள் நான். கண்டும் அந்தப் படத்தில் அந்தக் கிணற்றடிப் பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டியையும் கைக்குழந்தையையும் கண்டதும் எங்கள் சனம் என்று நினைத்துவிட்டேன். மேட்டில் நின்றது நான்தான் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். புதுப் புத்தகம் அவள் பையில் இருந்தது. வழி முழுவதும் அவள் என் கையைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேசையில் வைத்துத் தானாகவே வாசிக்கத் தொடங்கினாள். தெரியாத சொல்லுக்குப் பெரிய பொடியனைக் கூப்பிட்டாள். அவன் ரிவியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். இரண்டு பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போனார்கள். நான் வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். என் வாயால் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பொடியன் என்னைப் பார்த்தான். பகிடி பண்ணவில்லை. "கனபேர் வழியில செத்துப்போச்சினம், பெரியம்மா. குளிரில. சாப்பாடு இல்லாமல். பிள்ளையளும்."

அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். வீடு இல்லை. வெறும் நிலமும் பனியும்.

"அப்ப என்ர அப்பா?" என்றாள்.

"அம்மா வரட்டும்" என்றேன்.

ஆறரைக்குத் தாய் வந்தாள். பிள்ளையை ரிவிக்கு முன்னால் இருத்திவிட்டு, நான் அவளைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. எனக்கு இங்கிலீசு தெரியாது என்பதையும் சொன்னேன். அதை அவள் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அக்கா, அவர் இல்லை" என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"தை மாசம் மச்சான்ர கடிதம் வந்தது. அவர் தாயைச் சைக்கிளில வைச்சு உருட்டிக்கொண்டு போனவராம். பாலத்தடியில நெரிசலுக்க, நெஞ்சு நோகுது எண்டு கீழ இருந்தவராம். எழும்பேல்லை. மாமி வந்து சேந்திட்டா. ஆரோ தெரியாத சனம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டவையாம்."

நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். அவள் நான் பார்ப்பதைக் கண்டாள்.

"பிள்ளைக்குத் தெரியக்கூடாது எண்டு வைக்கிறன். அழிச்சால் கேப்பாள். கட்டடத்தில ஆருக்கும் சொல்லேல்லை. சொன்னால் வந்து அழுவினம், இவளுக்குத் தெரிஞ்சிடும். சாப்பாட்டை விட்டிட்டுது, இதையும் சொன்னால் என்ன செய்யுமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். அதுக்குள்ள நீங்கள் அவரைக் கொண்டுவந்து சேத்துப்போட்டியள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பி ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்..." என்று தொடங்கினேன்.

"என்னெண்டு சொல்லுறது, அக்கா? அவள் சாப்பிடுறாள் எண்டு நீங்கள் சொன்ன நாள், நானும் அந்தக் கதை அப்பிடியே இருக்கட்டும் எண்டுதான் நினைச்சன். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்தது."

பிறகு அவள், பிள்ளைக்குத் தன்னால் சொல்ல ஏலாது, நீங்கள் சொல்லுங்கோ என்றாள். நான் ஏலாது என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போதும் அவள் குங்குமத்தோடுதான் போனாள். எலிவேற்றருக்குள் என்னைக் கண்டாள். என் கதையால்தான் அவள் அதை இன்னும் வைக்க வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அன்று பின்னேரம் பொடியன்களைக் கீழே பனியில் விளையாட அனுப்பினேன். பெண்பிள்ளையைச் சோபாவில் பக்கத்தில் இருத்தினேன். அவள் புத்தகத்தை எடுக்கப் பைக்குள் கை வைத்தாள். வேண்டாம் என்றேன்.

"அப்பா வந்து சேரேல்லை, அம்மா" என்றேன். பெண்பிள்ளைகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது. "வழியில செத்துப்போனார். அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு வரேக்க."

அவள் பைக்குள் இருந்து கையை எடுத்தாள்.

"அப்ப ஏன் எல்லாரும் வந்து சேந்திட்டினம் எண்டு சொன்னனீங்கள்?"

"படத்தில வீடு இருந்தது."

"அது வேற ஆக்களின்ர வீடு."

"ஓம்."

"உங்களுக்கு அது தெரியாதோ?"

"தெரியேல்லை. வாசிக்கத் தெரியாமல் சொல்லிப்போட்டன்."

அவள் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி, சோபாவின் மற்ற முனையில் போய் இருந்தாள். நான் கிட்டப் போகவில்லை. சோறு போட்டு முன்னால் வைத்தேன். தொடவில்லை. பொடியன்கள் மேலே வந்து கலகலத்துக்கொண்டு நுழைந்தவர்கள், அவளைக் கண்டதும் சத்தம் போடாமல் அறைக்குள் போய்விட்டார்கள். பின்னேரம் முழுவதும் அவள் அப்படியே இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நான் சொன்னதை நம்புகிறாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நம்பாமல் விட்டாலும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆறரைக்குக் கதவு தட்டுப்பட்டது. திறந்தேன். தாய் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் வாசலில் நின்றபடியே, கையுறையைக் கழற்றாமல், நெற்றியை ஒரு தடவை துடைத்தாள்.

"அம்மா" என்று பிள்ளை எழும்பினாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போனேன்.